சீட்டின் மேல் இருந்த ஒரே ஸ்பிரிங்

என் எழுத்து கோணல்மாணலாக இருப்பதை இன்ஸ்பெக்டர் அய்யா பொறுத்துக்கொள்ள வேண்டும். முதியோர் வகுப்பில் சேர்ந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் சொன்னால் போதும், தாமே எழுதிக்கொள்வதாக இந்த ஸ்டேஷன் எழுத்தர் சொன்னார். நானே எழுதுகிறேன் என்றேன். "பெரியவரே, நான் ரிட்டயர் ஆகுறதுக்குள்ள முடிச்சிடுவீங்களா?" என்று கேட்டுவிட்டு, வெளிச்சம் விழும்படி நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

என் பெயரும் விலாசமும் முதல் தாளில் அவர் எழுதியபடி சரி. வயது எழுபத்தொன்று. பந்தயக் கார் பட்டறையில் கழற்றிய சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வைப்பது என் வேலை. அங்கே மெக்கானிக்காக இருப்பவர் என் மகளின் கணவர். விபத்தான காரை ஓட்டியவன் என் மகன். இருவரும் பள்ளிக்கூட நாள் முதல் சிநேகிதர்கள். என் மகன்தான் அவரை எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாகக் கொண்டுவந்தான். இப்போது மாப்பிள்ளை லாக்கப்பில் இருக்கிறார். என் மகன் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். பந்தயப் பாதையில் கொடி காட்ட நின்றிருந்தவர் இறந்துவிட்டார்.

ஸ்பிரிங் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன் என்று மெக்கானிக் பொய் சொல்லி வண்டியைக் கொடுத்ததாகவும், அதை நம்பித்தான் ஓட்டியதாகவும் என் மகன் தங்களிடம் சொல்லியிருக்கிறான். அது பற்றி நான் பார்த்ததை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை என் மகன் காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, வேகம் ஏற ஏற என்ஜின் இருமுகிறது என்றான். மாப்பிள்ளை என்ஜினின் மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தார். வால்வுகளை மூடிப் பிடித்திருக்கும் பதினாறு ஸ்பிரிங்குகளில் ஒன்று ஒடிந்திருந்தது. இரண்டு துண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அதே இடத்தில் உட்கார்ந்திருந்ததால் வால்வு உள்ளே விழவில்லை. கையிருப்பில் ஒரே ஒரு புது ஸ்பிரிங்தான் இருந்தது. மற்றவை வர ஒரு வாரம் ஆகும். அதன் பிறகு மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்கு இந்த வண்டி போகக் கூடாது என்றார்.

"ஒண்ணு ஒடிஞ்சா மத்ததுக்கும் அதே வயசுதான் மச்சான். எல்லாத்தையும் மாத்தாம எடுக்காதே."

"ஒரு பல்லு விழுந்தா எல்லாப் பல்லையும் பிடுங்கிடுவியா மாப்ள?" என்றான் என் மகன்.

"பல்லு விழுந்தா சோத்தைக் கரைச்சுக் குடிச்சுக்கலாம். இது ஒடிஞ்சா வால்வு பிஸ்டன் மேல விழும். என்ஜின் அப்படியே பூட்டிக்கும்."

வாசலில் போனில் பேசிக்கொண்டிருந்த முதலாளி, போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "எனக்கு என்ஜின் எல்லாம் தெரியாதுப்பா. நீங்க ரெண்டு பேரும் பேசிக்குங்க. வண்டி மட்டும் ஓடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகும் என் மகன் விடவில்லை. ஒன்றை மட்டும் மாற்று, நான் பார்த்து ஓட்டிக்கொள்கிறேன் என்று மூன்று நான்கு முறை சொன்னான்.

அதன் பிறகு மாப்பிள்ளை வேலையைத் தொடங்கினார். பிளக் துளை வழியாக ஒரு நூல் கயிற்றை உள்ளே திணித்து, என்ஜினைக் கையால் சுற்றி, வால்வு கீழே போகாதபடி கயிறு அடியிலிருந்து தாங்கிக்கொள்ளும்படி செய்தார். அந்தக் கயிற்றைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தது நான்தான். புது ஸ்பிரிங்கை மாட்டிய பிறகு கயிறு முழுதாக வெளியே வந்ததா என்று என்னையே பார்க்கச் சொன்னார். முழுதாக வந்தது.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எடுத்த பழைய சாமான் எதுவானாலும் ஒரு துணியில் வைத்து, ஓட்டுகிறவனின் சீட்டின் மேல் வைத்துவிடுவோம். என்ன மாற்றியது, என்ன மாற்றாதது என்று அவன் தன் கண்ணால் பார்த்து, தன் கையால் எடுத்து நகர்த்திய பிறகுதான் உட்காருவான். அன்றும் மாப்பிள்ளை துணியை வைத்தார். என் மகன் பிரித்தான். அதில் இருந்தது ஒடிந்த ஸ்பிரிங்கின் இரண்டு துண்டுகள் மட்டும்தான். வேறொன்றும் இல்லை. நான் இரண்டடி தள்ளி மண்ணெண்ணெய்த் தொட்டியருகே உட்கார்ந்திருந்தேன்.

மாப்பிள்ளை, என்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் மீட்டரில் ஏழாயிரம் இருக்கும் இடத்தில் ஒரு துண்டு சிவப்பு டேப் ஒட்டி, "முள்ளு இதைத் தாண்டக் கூடாது" என்றார். "சரிங்க வாத்தியாரே" என்றான் என் மகன். அதன் பிறகு ஒடிந்த துண்டுகளைத் துணியோடு என் மடியில் போட்டு, "அப்பா, எழுதறப்போ தாளு பறக்குதுன்னீங்களே, இதை மேல வைங்க" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை நான் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். கடைசிச் சுற்றில் முன்னால் போன காரை என் மகன் முந்தப் பார்த்தான். என்ஜின் சத்தம் அதுவரை நான் கேட்காத உயரத்துக்குப் போனது. அதன் பிறகு சத்தமே இல்லை. பின் சக்கரங்கள் சுழலாமல் தேய்ந்துகொண்டு வர, கார் பக்கவாட்டில் போய்ச் சுவரில் மோதியது. கொடி காட்டியவரின் தொப்பி வேலியைத் தாண்டி என் காலடியில் விழுந்தது. அதை எடுத்துத் தூசி தட்டினேன். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றேன். இன்றும் என் வீட்டில்தான் இருக்கிறது. அவர் வீட்டார் கேட்டால் கொடுத்துவிடுகிறேன்.

பழைய ஸ்பிரிங்குகளில் இன்னொன்று ஒடிந்து வால்வு உள்ளே விழுந்திருந்ததாகப் பிறகு தாங்களே சொன்னீர்கள்.

நேற்று ஆஸ்பத்திரியில் என் மகன் சொன்னான்: "எனக்குத் தெரியாதுன்னே இருக்கட்டும்பா. தெரிஞ்சு ஓட்டினேன்னா இன்ஷூரன்ஸ் கிடையாதாம், கேஸும் என் மேலதானாம். மாப்ளைக்குக் கை கால் இருக்கு, வெளிய வந்து பொழைச்சுக்குவான். நான் எந்தக் காலால நடந்து ஜெயிலுக்குப் போறது?" என் மனைவி அவன் போர்வையைச் சரிசெய்துகொண்டே, "ஒண்ணும் பார்க்கலைன்னு ஒரு கைநாட்டு வச்சிட்டு வாங்க. இத்தனை வருஷம் அப்படித்தானே வச்சீங்க" என்றாள். பார்த்ததைத்தான் எழுதுவேன் என்றேன். என் மகனால் கழுத்தைத் திருப்ப முடியும். திருப்பிக்கொண்டான். என்னை இனி உள்ளே விட வேண்டாம் என்று நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டான்.

என் மகள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இன்று காலை லாக்கப்புக்குக் கொண்டுபோக டிபன் பாக்ஸைக் கட்டிவிட்டு, எனக்கும் தட்டு வைத்தாள். நான் சாப்பிடும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இவ்வளவு நீளமாக நான் எழுதுவது இதுவே முதல் தடவை. இந்த நேரத்தில் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் ஒவ்வொரு வரி முடியும்போதும் கை சந்தோஷப்படுகிறது. அதற்கு விஷயம் தெரியாது.

ஒடிந்த ஸ்பிரிங்கின் இரண்டு துண்டுகளையும் அதே துணியோடு எழுத்தரிடம் ஒப்படைத்துவிட்டேன். அவை மேலே இல்லாததால் தாள் பறக்கிறது. இடது கையால் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

இதில் உள்ளவை நான் பார்த்ததும் கேட்டதும் தவிர வேறில்லை. யாரும் சொல்லித்தரவில்லை, மிரட்டவில்லை. முழுதும் ஒரு முறை படித்தேன், சரியாக இருக்கிறது. எழுத்தர் பழக்கத்தில் மை டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். வேண்டாம் என்றேன்.

அடுத்த வாரம் என் மகனுக்குத் தனியாக எழுதப் போகிறேன். நர்ஸம்மா படித்துக் காட்டுவதாகச் சொன்னார். கேட்க மாட்டேன் என்றால் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

(கையெழுத்து)