கூட வந்தவருக்கு ஒரு நாற்காலி

அவைக்குத் தலைமை ஏற்று, இந்த அம்சவேணியின் பேச்சு எங்கே போய் முடியுமோ என்ற கவலையை முகத்தில் காட்டாமல் வீற்றிருக்கும் பேராசிரியர் விஜயராகவன் ஐயா அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் மருத்துவப் பெருமக்களே, வயதாலும் வாழ்வாலும் முன்வரிசைக்கு உரிமை பெற்ற பெரியோர்களே, நகரியில் ஏறி, புத்தூரில் பஸ் மாறி, வடமாலபேட்டையில் வெயில் குடித்து வந்து சேர்ந்திருக்கும் என் மகளிர் குழுத் தாய்மார்களே, சாப்பாடு எப்போது என்று கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் வெள்ளைக்கோட்டுப் பிள்ளைகளே, உங்கள் எல்லோருக்கும் தறிச் சத்தத்தில் வளர்ந்தவளின் தாழ்மையான வணக்கம்.

குரல் கொஞ்சம் ஓங்கியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பவர்லூம் ஓடுகிற வீட்டில் மெதுவாகப் பேசுகிறவளுக்குக் குழம்புகூட வந்து சேராது.

என்ன சொல்கிறீர்கள் அங்கே? தெலுங்கிலா? தெலுங்கில் பேசினால் நகரி கோபித்துக்கொள்ளும், தமிழில் பேசினால் திருப்பதி கோபித்துக்கொள்ளுமா? கோபிக்காது. இங்கே பாதிப் பேர் இரண்டிலும் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள்தானே.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பள்ளிக்கூடம் என்னை விட்டாலும் நான் அதை விடவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் நானும் விட்டுவிட்டேன். டுவாக்ரா மகளிர் குழுக் கூட்டங்களில் மைக் பிடித்துப் பழகிய வாய் இது, அவ்வளவுதான். இந்த வாயை நம்பித்தான் ஐயா எங்களைக் கல்லூரிக்குள் அழைத்தார்.

எதற்கு அழைத்தார்? பக்கவாதம் என்னும் பாடத்தை இந்தப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொன்னால் ஏறும்? கரும்பலகை வழியாகவா, கண்ணெதிரே காட்டியா? காதால் கேட்டா, கையால் தொட்டா? இதைக் கண்டுபிடிக்க வகுப்பை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதி, குளிரூட்டிய கூடத்தில் உட்கார்ந்து, திரையில் மூளையையும் அதில் ஓடும் குழாய்களையும் பார்த்துப் படித்தது. மறு பாதி எங்களிடம் வந்தது. எங்களிடம் என்றால், என்னிடமும் என் வீட்டுக்காரர் தணிகைவேலிடமும். நாங்கள் நோயில்லாத நோயாளிகள். பிள்ளைகள் பழகுவதற்காக வியாதியை நடித்துக் காட்டுகிறவர்கள்.

நடிப்பு என்றால் சும்மாவா? வலது கை விழ வேண்டும், வாய் இடப்பக்கம் இழுக்க வேண்டும், நாக்கு தடிக்க வேண்டும். ஐயா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: மணி அடிக்கும்வரை நீங்கள் நோயாளி, கூரை இடிந்து விழுந்தாலும் நோயாளி. என் வீட்டுக்காரர் இதை வேதமாக எடுத்துக்கொண்டார். வீட்டிலும் பழகினார். இடது கையால் தலை வாரினார், இடது கையால் சட்டைக்குப் பட்டன் போட்டார். ஒரு கையால் லுங்கி கட்டப் போய், எதிர்வீட்டு ரத்தினம்மா கதவைச் சாத்திக்கொண்டாள்.

“இன்னாய்யா, நெஜமாவே வலது கை வராம பூடுமா?” என்று கேட்டேன்.

“வர்ற கைய வராதுன்னு வெச்சிக்கினு இருக்கறதுதாண்டி கஷ்டம்” என்றார்.

எங்களிடம் படித்த பிள்ளைகள் அவரைப் பாபாய் என்றார்கள், என்னைப் பின்னி என்றார்கள். தெலுங்கில் சித்தப்பா, சித்தி. அதிலும் சித்தூரிலிருந்து வந்த கிரண்குமார் இருக்கிறானே, பாபாய் கண்ணைச் சிமிட்டினால் போதும், அடுத்து கை விழுமா, வாய் இழுக்குமா என்று சொல்லிவிடுவான். அந்த அளவுக்குப் பாடமாகிவிட்டார் என் கணவர்.

சரி, எந்தப் பாதி வென்றது? அதுதானே உங்கள் கேள்வி. எழுத்துத் தேர்வில் கூடத்துப் பிள்ளைகள் மேலே. நோயாளியிடம் பேசுவதில் எங்கள் பிள்ளைகள் மேலே. ஐயா இதைப் படம் போட்டு, கோடு போட்டு, இப்போதுதான் காட்டினார். கோடு எனக்குப் புரியவில்லை, கைதட்டல் புரிந்தது. ஆனால் அந்தக் கோட்டுக்குள் வராத ஒன்று செய்முறைத் தேர்வு நாளில் நடந்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அன்று இரண்டு பாதிப் பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராக அறைக்குள் போய் நோயாளியைச் சோதிக்க வேண்டும். உள்ளே என் வீட்டுக்காரர். என் முறை அதற்குப் பிறகு, ஆகவே நான் வெளியே வராந்தாவில். தேர்வாளர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மார்க் போடுவார், உள்ளே வரமாட்டார்.

கிரண்குமார் போனான். பாபாயின் வாய் இழுத்திருக்கிறது, பேச்சு குழறுகிறது. எல்லாம் பழகியது போலவே. பக்கம் மட்டும் மாறியிருந்தது. விழுந்தது வலது கை அல்ல, இடது கை. பிள்ளை என்ன நினைப்பான்? பாபாய் இன்று பாடத்தை மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தான். குனிந்து, கண்ணாடிக்குக் கேட்காதபடி, “பாபாய், ராங் சைடு. வலது கை, வலது கை” என்று எடுத்துக்கொடுத்தான். எடுத்துக்கொடுத்துவிட்டு, எல்லாக் கேள்வியும் கேட்டு, நல்ல மார்க் வாங்கிக்கொண்டு வெளியே வந்தான்.

சிரிக்காதீர்கள் தம்பிகளா. உங்களில் யார் போயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள். அவ்வளவு நன்றாக நாங்கள் நடித்திருந்தோம்.

அடுத்து ஹரிதா. கூடத்தில் படித்த பெண். பாபாயை முன்பின் பார்த்ததில்லை, எந்தக் கை விழ வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. விழுந்த கையைத்தான் பார்த்தாள். கடைசியாக எப்போது நன்றாக இருந்தீர்கள் என்று கேட்டாள். அவருக்குப் பதில் வரவில்லை. நோயாளியால் சொல்ல முடியாவிட்டால் கூட வந்தவரைக் கேள் என்று திரையில் போட்டிருந்தார்களாம். தேர்வு அறையில் கூட வந்தவர் ஏது? அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? தேர்வு நடுவில் கதவைத் திறந்துகொண்டு வராந்தாவுக்கே வந்துவிட்டாள்.

“இவரோட யாரு வந்திருக்கீங்க?”

“நாந்தாம்மா. அவரு பொண்டாட்டி.”

“இவரு கடைசியா பாகா இருந்தது எப்போ?”

பாகா என்றால் நன்றாக. தேர்வுக்காகக் கேட்கிறாள் என்று நினைத்தேன். நானும் நடிகை, விடுவேனா?

“கல்யாணத்துக்கு முன்னாடி பாகாதாம்மா இருந்தாரு.”

வராந்தாவே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

“அம்மா, சரியா சொல்லுங்க. எடது கைய தூக்க மாட்டேங்குறாரு.”

“எடதா? வலதும்மா. அவரோட பாடம் வலது.”

“நான் பாத்தது எடது.”

அன்பார்ந்த பெரியோர்களே, ஒரு மாதமாக ஒரே வீட்டில், ஒரே கையைக் கட்டிப்போட்டு வாழ்ந்த மனிதர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வலது என்பார். அவர் மறப்பாரா? எனக்கு அப்போதுதான் உறைத்தது. உள்ளே ஓடினேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தார். பிறகு கேட்டபோது சொன்னார், “கை போனது தெரிஞ்சுது. மணி அடிக்கலியே. புள்ளைங்க மார்க்கு கெட்டுடுமேன்னு குந்திக்கினு இருந்தேன்.”

ஐயா ஓடி வந்தார். அவர் கேட்டதும் அதே கேள்விதான். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்? மூளைக் குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்க ஊசி இருக்கிறது. சில மணி நேரத்துக்குள் போட்டால் அது மருந்து, காலம் கடந்து போட்டால் அதுவே ஆபத்து. எப்போது என்று தெரியாவிட்டால் போடத் துணிய மாட்டார்கள்.

எனக்குத் தெரிந்திருந்தது. தேர்வு தொடங்குவதற்குச் சற்று முன்பு கேன்டீனில், “உன் மூஞ்சிக்கு நடிப்பே வாணாம், அப்பிடியே போய் குந்து” என்றேன். “நீ வாய மூடிக்கினு இருந்தா, அதுதாண்டி ஊரு பயப்படற வியாதி” என்று பளிச்சென்று திருப்பிக் கொடுத்தார். இரண்டு கையாலும் டம்ளரைத் துடைத்து வைத்துவிட்டு எழுந்தார். அதைச் சொன்னேன். ஐயா கடிகாரத்தைப் பார்த்தார், நேரம் இருக்கிறது என்றார். சக்கர நாற்காலியைக் கொண்டுவந்தவன் யார்? அந்தக் கிரண்குமார்தான். ஸ்கேன் அறைவரை அவன்தான் தள்ளினான், கண்ணைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. ஸ்கேன் முடிந்ததும் ஊசி போட்டார்கள்.

பிறகு சில நாள் அவன் எங்கள் பக்கமே வரவில்லை. நான்தான் ஹாஸ்டலுக்கு ஆள் விட்டு அழைத்தேன். கட்டிலருகே தலை குனிந்து நின்றான். என் வீட்டுக்காரர் குழறிக் குழறிச் சொன்னார், “டேய், என் நடிப்ப முழுசா நம்புனவன் நீ ஒருத்தந்தாண்டா.” அன்றுதான் பிள்ளை சாப்பிட்டான்.

இப்போது சொல்லுங்கள். வென்றது கூடமா, நாங்களா? கேள்வியைக் கற்றுக்கொடுத்தது கூடம். நோயாளியைத் தொடும் கூச்சத்தைப் போக்கியது நாங்கள். ஆனால் பதில் எங்கே இருந்தது? திரையில் இருந்ததா? இல்லை. நோயாளியிடம் இருந்ததா? இல்லை. கதவுக்கு வெளியே, வராந்தாவில், வேர்க்கடலை தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தது. கண்ணைப் பார்த்தீர்கள், கையைப் பார்த்தீர்கள், நாக்கைப் பார்த்தீர்கள், நாடியைப் பார்த்தீர்கள். கூட வந்தவரைப் பார்த்தீர்களா? இரண்டு வகுப்பிலும் அவருக்கு ஒரு நாற்காலி போட்டீர்களா?

ஐயா அவர்களே, நடிப்பு வகுப்பை நிறுத்திவிடலாமா என்று யோசிப்பதாகக் கேள்விப்பட்டேன். நிறுத்த வேண்டாம். ஒரு நாற்காலி கூட்டிப் போடுங்கள். அதில் மனைவியை உட்காரவையுங்கள், மகனை உட்காரவையுங்கள், பக்கத்துத் தறிக்காரனை உட்காரவையுங்கள். உளறட்டும், அழட்டும், என்னைப் போல அசட்டு ஜோக் அடிக்கட்டும். அதற்குள்ளிருந்து நேரத்தை எடுக்கப் பிள்ளைகள் பழகட்டும்.

தாய்மார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால், வாயு என்று எண்ணெய் தேய்த்து உட்காராதீர்கள். காலையில் பார்க்கலாம் என்று படுக்கவைக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள், வண்டியைக் கூப்பிடுங்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

என் வீட்டுக்காரர் இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார். நடக்கிறார். இடது கை டம்ளரைப் பிடிக்கிறது, அறுந்த நூலை இன்னும் முடிய மாட்டேன் என்கிறது. தறிக்கு எப்போது போவார் என்று தெரியவில்லை. அடுத்த வருடப் பிள்ளைகளுக்கு வருவீர்களா என்று நேற்று ஐயா கேட்டார். நான் முந்திக்கொண்டு முடியாது என்றேன். அந்த அறைக்குள் அவரை மறுபடி உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் என்னைத் தடுத்தார்.

“இவ்ளோ நாளா பொய்க் கைய காட்டினேன். இப்ப நெஜக் கை இருக்குது. வூட்ல வெச்சிக்கினு இன்னா பண்றது? புள்ளைங்க பாக்கட்டும்.”

வருகிறார். பிள்ளைகளே, அவர் மெல்லத்தான் பேசுவார், அவசரப்படுத்தாதீர்கள். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் நான் இருப்பேன். என்னைக் கேட்காமல் எழுந்து போகிறவர்களை வராந்தாவரை துரத்தி வந்து பதில் சொல்வேன்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், கதவைத் திறந்து வெளியே வந்த பெண்ணுக்கும், சக்கர நாற்காலி தள்ளிய பிள்ளைக்கும் எங்கள் இருவரின் நன்றி. எல்லோர் வீடும் நலமாக இருக்கட்டும். வணக்கம்.