நின்னாத்தான் எழுதணுமாம்

துடுப்பு வலிச்சுக்கிட்டுத்தானே ஐயா இருக்கேன். பொம்பளை கை, இதுக்கு மேல வராது. அவசரம்னா தபால் மூட்டைங்களோட சேர்ந்து அந்தப் பெரிய படகுலயே போயிருக்கணும். லண்டன் ரயிலு லேட்டா வந்தா அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? மடியில வச்சிருக்கீங்களே அந்தக் கடைசிப் பெட்டி, அதுக்காக நின்னீங்க, பெரிய படகு போயிருச்சு. படித்துறையில மிச்சம் நான் ஒருத்திதான்.

ரெண்டு மணிக்குக் கப்பல் கெளம்பணும், தெரியும் ஐயா. இந்தச் சவுத்தாம்ப்டன்ல கைப்புள்ளையக் கேட்டாலும் சொல்லும். அதோ பொகையைக் கக்கிக்கிட்டு நிக்குதே மார்ச்வுட்டு, அது நீங்க ஏறாம நகராது. கப்பலுக்கு ஒரு கேப்டன், கேப்டனுக்கு மேல தபால் ஐயா நீங்க. சர்க்காரு கம்பெனியோட போட்ட காண்ட்ராக்ட்டுல அப்படித்தானே இருக்கு? கம்பெனியால லேட்டானா மணிக்கு இவ்வளவுன்னு அபராதம். உங்களால லேட்டானா கம்பெனி கையைக் கழுவிரும், உங்க தலையிலதான் விடியும்.

எனக்கு எப்படித் தெரியும்னு கேக்குறீங்களா? நல்லா கேட்டீங்க. நாங்க இச்சன் ஆத்தங்கரை மீன்காரங்க. காண்ட்ராக்ட்டு வந்ததுலேருந்து எங்க வலைக்கும் கடியாரம் கட்டிவிட்டாப்புலதான் பொழப்பு. தபால் கப்பல் வர்ற நேரத்துல வலை கெடந்தா அறுத்துக்கிட்டுப் போகும். ஒரு தடவை எங்க சித்தப்பா படகுல எந்திரிச்சு நின்னு கத்துனாரு. கப்பல் மேல நின்னவரு தொப்பியைத் தொட்டுக் கும்புடு போட்டுட்டுப் போயிட்டாராம். மரியாதைக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல.

அவ்வளவு அவசரமா அந்தக் காயிதத்துல என்னதான் ஐயா இருக்கும்? சக்கரை வெலை. வக்கீலு நோட்டீசு. கரும்புத் தோட்ட முதலாளி பொண்ணுக்குக் கல்யாணம்னு ஒண்ணு. நான் ஒண்ணும் கேலி பண்ணல. எழுதுனவங்களுக்கு அது பெருசுதான்.

இருவத்தோரு வருஷமா? ஒரு நிமிஷங்கூட உங்களால தாமதம் ஆனதில்லையா? பெரிய விஷயந்தான் ஐயா. சும்மா சொல்லல. அப்படி ஒரு பேரு வாங்குறதுக்கு மனசு கல்லா இருக்கணும்.

என் தம்பியும் இந்தக் கப்பல்லதான் வேலை பார்த்தான். நான்தான் சேர்த்துவிட்டேன். கம்பெனி மேனேஜரு இருக்குற மேட்டு வீட்டுக்கு மூணு தடவை நடந்து, ரெண்டு தடவை வாசல்ல நின்னு, மூணாந்தடவை ஒரு கூடை நாக்கு மீனோட போனேன். மீன் புடிச்சா அலையில சாவான், கப்பல்ல ஏறுனா கம்பெனிக்காரன் ஆவான்னு கணக்குப் போட்டேன். எங்கம்மா போனப்ப அவனுக்கு நாலு வயசு, எனக்குப் பதினாலு. தூக்கி வளத்தது நான். அவனுக்குக் கம்பெனித் தொப்பி குடுத்தாங்கன்னு அதை வாங்கி நான் ஊரெல்லாம் காட்டுனேன். இப்ப நெனச்சா என் கையை நானே ஒடிச்சுக்கலாம் போல இருக்கு.

மெதுவாத்தான் போகுது, ஆமா. கடல் தண்ணி ஏறுது பாருங்க, எதிர்ல இழுக்குது. ஒண்ணே முக்கால்தானே ஆச்சு? இங்கேருந்து பத்து நிமிஷம். கவலைப்படாதீங்க.

ரெண்டு வருஷம் ஆச்சு ஐயா. திரும்பி வர்ற பயணம். காத்து சரியில்லாம நாலு மணி நேரம் பின்தங்கி வந்துக்கிட்டிருந்தாங்க. நீடில்ஸ் பாறை தெரிய ஆரம்பிச்சிருச்சாம், வீடு வந்த மாதிரிதான். ஏதோ கயிறு சிக்கிக்கிச்சுன்னு, கப்பலுக்குப் பக்கவாட்டுல தண்ணியைத் தள்ளுற சக்கரத்தோட மூடி மேல ஏறுனவன், அலை அடிச்சு விழுந்துட்டான். சக்கரத்துல மாட்டல. தள்ளித்தான் விழுந்தான். யாரோ மேல்தட்டுல இருந்த மரக் கோழிக்கூண்டைத் தூக்கிப் போட்டாங்க, நீஞ்சிப் போய் அதைப் புடிச்சுக்கிட்டான். புடிச்சுக்கிட்டுக் கையை ஆட்டுனான்.

கேப்டன் மோசமானவரு இல்ல. நிறுத்துன்னு சொல்ல வாயெடுத்துட்டாரு. சொல்றதுக்கு முன்னாடி பக்கத்துல நின்ன தபால் ஐயாவைத் திரும்பிப் பார்த்தாரு. ஏன்னா கப்பலு எங்க நின்னாலும், எத்தனை நிமிஷம், எதுக்காகன்னு அந்த ஐயா நோட்டுல எழுதணும். தேவையில்லாம நின்னுச்சுன்னு அவரு எழுதிட்டா கம்பெனிக்கு அபராதம், கேப்டனுக்கு வேலை போயிரும். படகு எறக்கி ஏத்த இருவது நிமிஷம் ஆகும், தவிர்க்க முடியாததுன்னு எழுதுவீங்களான்னு கேட்டாரு. ஐயா கடியாரத்தை எடுத்துப் பார்த்தாரு. ஆளு போயிட்டான், இனிமே நின்னா அது தேவையில்லாத தாமதம்தான், நான் அப்படித்தான் எழுதுவேன்னாரு. கேப்டன் வாயை மூடிக்கிட்டாரு.

யாரு சொன்னாங்களா? சுக்கான் புடிச்சிருந்த டன்ஃபோர்டு. நாலடி தூரத்துல நின்னவன். ஆறு மாசம் கழிச்சு என் அடுப்பங்கரையில உக்காந்து, குடிச்சிட்டு, மூக்கைச் சிந்திக்கிட்டே சொன்னான்.

அன்னைக்கு நான் துறையில நின்னேன் ஐயா. மாவுக்குள்ள விலாங்கு மீன் வச்சு அவனுக்கு ஒரு அப்பம் சுட்டுத் துணியில சுத்தி எடுத்துட்டு வந்திருந்தேன். மூட்டையெல்லாம் எறங்குச்சு. எண்பத்து மூணு. எண்ணுனேன், வேற வேலை என்ன, அவன் எறங்குவான்னு பார்த்துக்கிட்டே எண்ணுனேன். அப்புறம் பார்த்தா லண்டன் ரயிலு போயிருச்சாம். அடுத்தது சாயங்காலம் ஆறு மணிக்குத்தானாம். மூட்டைங்க மூணு மணி நேரம் அங்கயே கெடந்துச்சு. காவக்காரன் ஒரு மூட்டை மேல உக்காந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்னான். அந்த மூணு மணி நேரத்துல ஒரு இருவது நிமிஷம் என் தம்பிக்குக் கெடைக்கல.

டன்ஃபோர்டு சொன்ன மறுநாள் கம்பெனி ஆபீசுல போய்க் கேட்டேன். கப்பல் புஸ்தகத்துல, வேலையிலேருந்து நின்னுட்டான்னு இருக்குன்னாங்க. சரி, தபால் ஐயா நோட்டைப் பாருங்கன்னேன். ஒரு கண்ணாடி போட்ட குமாஸ்தா, நல்ல பையன், தேடிப் பார்த்தான். அந்த நாள்ல ஒண்ணும் எழுதலம்மா, கப்பல் எங்கயும் நிக்கலியே, நின்னாத்தான் எழுதணும்னான்.

மொகம் ஏன் ஐயா இப்படி வெளுத்துப் போச்சு? இன்னைக்கு அலைகூட இல்லியே.

ஆமா, துடுப்பை உள்ள எடுத்துட்டேன். நங்கூரக் கல்லையும் எறக்கிட்டேன், சத்தம் கேக்கலியா? எந்திரிக்காதீங்க, சின்னப் படகு, சாஞ்சிரும். உக்காருங்க. உங்களை ஒண்ணும் பண்ண மாட்டேன். பண்ணணும்னா இந்தப் பேச்செல்லாம் எதுக்கு?

ஒண்ணரை வருஷமா மார்ச்வுட்டு கெளம்புற ஒவ்வொரு நாளும் அந்தப் படித்துறையில படகோட நிக்கிறேன். ஒரு தடவைகூட நீங்க பெரிய படகைத் தவற விட்டதில்ல. அவ்வளவு ஒழுங்கு. இன்னைக்கு ரயிலுதான் எனக்குக் கை குடுத்துச்சு.

கையைக் காட்டுறீங்களா? காட்டுங்க. கேப்டன் தூரக்கண்ணாடியில பார்ப்பாரு. நெறைய பேரு பார்ப்பாங்க. படகு எறக்கி வர்றதுக்கு அவங்களுக்கும் இருவது நிமிஷம் ஆகும், எறக்குவாங்களான்னு பார்ப்போம்.

நான் கேக்குறது அந்த இருவது நிமிஷந்தான் ஐயா. உயிரைக் கேக்கல, காசு கேக்கல. இருவது நிமிஷம் இங்க நிப்போம், அப்புறம் நானே கொண்டு போய் விட்டுருவேன். ரெண்டே காலுக்கு ஏறிருவீங்க. உங்க இருவத்தோரு வருஷத்துல மொத தாமதம். அதை எழுதித்தானே ஆகணும்? பொய் எழுதுற ஆளு நீங்க இல்லன்னு டன்ஃபோர்டுகூடச் சொன்னான்.

நோட்டு உங்க கோட்டுப் பையிலதானே இருக்கு, எடுங்க. எத்தனை நிமிஷம்னு போடுங்க. காரணம்ங்கிற எடத்துல ஓபெத் டாம்லின்னு எழுதுங்க. வயசு இருவத்திரெண்டு. கோழிக்கூண்டைப் புடிச்சுக்கிட்டு இருந்தான்னும் எழுதுங்க.

இவளுக்குப் படிக்கத் தெரியாதுன்னு வேற எதையாவது கிறுக்கிராதீங்க ஐயா. தெரியாதுதான். ஆனா அவன் பேரு எப்படி இருக்கும்னு தெரியும். அவன் சட்டைக் காலரு ஒவ்வொண்ணுலயும் பாதிரியாரு எழுதிக் குடுத்ததைப் பார்த்து ஊசியில தச்சது நான்தான்.