பக்கத்தின் அடியில் ஒரு வரி

டீ வேண்டாம் இன்ஸ்பெக்டர் ஐயா, குடித்துவிட்டுத்தான் வந்தேன். நிதானமாகவே சொல்கிறேன்.

சிதம்பரத்தில் லாட்ஜ், ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம் என்று யார் கேட்டாலும் வெப்சைட் செய்து தருவது என் தொழில். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சின்ன எழுத்தில் ‘வடிவமைப்பு: ஆரோக்கியராஜ்’ என்று போடுவேன். எங்கள் தொழிலில் எல்லோரும் போடுவதுதான். அதைப் பார்த்துத்தான் அடுத்த வேலை வரும்.

அண்ணாமலை நகரில் நர்சிங் ஹோம் வைத்திருக்கும் சபாபதி டாக்டருக்கும் இந்த வருஷ ஆரம்பத்தில், 2007 ஜனவரியில், அப்படித்தான் செய்தேன். அவர் கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை. காகிதத்தில் அச்சடித்துக் கொண்டுவரச் சொன்னார். அடிவரியைப் பார்த்ததும் நர்சுகள் முன்னாலேயே ஆரம்பித்தார்.

“இன்னாடா இது, ஒங்க ஊட்டு செவுரா? பேரத் தூக்கு. எம்மச்சான் நச்சரிச்சான்னு செய்யச் சொன்னேன். இத எவன் பாக்கப் போறான்?”

பெயரை எடுத்துவிட்டேன். கோபமெல்லாம் இல்லை. எவன் பார்க்கப் போகிறான் என்ற கேள்விதான் மனதை அரித்தது. தெரிந்துகொள்ளலாமே என்று, ஆம்புலன்ஸ் நம்பர் இருந்த இடத்தில் என் செல் நம்பரைப் போட்டேன்.

போன் வரத்தான் செய்தது. ஒவ்வொருவருக்கும் சரியான நம்பரை மரியாதையாகச் சொன்னேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை என்பதற்கு வேறென்ன வேண்டும்? ஆனால் அதில் ஒரு சிக்கல். அவர்களுக்கெல்லாம் வண்டி ஒழுங்காகப் போய்விட்டது. எதைப் பார்த்துக் கூப்பிட்டோம் என்று டாக்டரிடம் யாரும் சொல்லவில்லை. வண்டி வராமல் போனால்தானே சொல்வார்கள்.

ஒரு நாள் மத்தியானம் குமராட்சிப் பக்கமிருந்து பொன்னி என்ற அம்மா கூப்பிட்டார். வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி. சென்னையில் வேலை பார்க்கும் மகன் கம்ப்யூட்டரில் பார்த்து நம்பர் கொடுத்தானாம். கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

“வண்டி கெளம்பிடுச்சுக்கா. வாசல்ல கொண்டாந்து படுக்க வையுங்க” என்றேன்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி கூப்பிட்டார். பக்கத்து வீட்டில் வேன் இருக்கிறது, அதில் ஏற்றிக்கொண்டு வந்துவிடட்டுமா என்று கேட்டார்.

“வேணாங்கா, ஆட்டக் கூடாது. நம்ம வண்டில ஆக்சிஜன் இருக்கு. பாதி வழி வந்துட்டோம்.”

ஆக்சிஜன் இருப்பது உண்மை. அந்தப் பக்கத்தில் நானே டைப் செய்தது. பிறகு செல்லை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் வாசலிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

பிணத்தை எடுத்த மறுநாள் நியாயம் கேட்க வருவார்கள் என்று தெரியும். முன்கூட்டியே நர்சிங் ஹோமுக்குப் போய் நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். நினைத்தபடியே ஊர்ச்சனத்தோடு வந்தார்கள். மகன் அன்பரசு டாக்டர் எதிரில் நின்றான்.

“ஒங்க வெப்சைட்டப் பாத்துதான் சார் எங்கம்மாவுக்கு நம்பர் குடுத்தேன்.”

அழாமல் சொல்லியிருந்தால் இன்னும் தெளிவாகக் கேட்டிருக்கும். டாக்டர் முகம் வெளுத்துப்போனது. எங்கள் வண்டிக்கு அழைப்பே வரவில்லை என்று சாதித்தார். உடனே அந்தப் பையன் அங்கேயே நம்பரை அடித்தான். என் சட்டைப் பையில் மணி அடித்தது.

அணைத்து வைத்திருக்கலாம்தான். ஆனால் அந்தப் பக்கத்தைச் செய்தது யார் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா ஐயா?