பேர் இல்லை, வீட்டுக்குப் போ

காலையில் பால் விடாத பிளேன்டி குடிக்காமல் நான் எந்தக் கணினியையும் தொடுவதில்லை. அன்றும் குடித்தேன். ஆகவே செய்ததைத் தெளிந்த மனதோடுதான் செய்தேன், ராமச்சந்திரன் சேர்.

சுதாகரன் மேல் எனக்குக் கோபம் கிடையாது. நல்ல பிள்ளை. தற்காலிகமாக வேலைக்கு வந்தவர். புளத்கொகுபிட்டிய தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கணினிக்கு நம் கம்பனி புது டிஸ்க் வாங்கியபோது, அதை ஓட்டும் டிரைவர் மென்பொருளை அவர்தான் எழுதினார். சரியாக ஓடினால் வேலை நிரந்தரம் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். அதை நம் இயங்குதளத்தின் மையப்பகுதியான கேர்னலில் சேர்ப்பது என் பொறுப்பு. டிஸ்க்குகளைக் கட்டி மேய்க்கும் அந்தப் பகுதி முழுக்க நான் எழுதியது.

என் அப்பா கங்காணி. விடியற்காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் அவர் பேர் கூப்பிடும்போது பதில் சொல்லாதவருக்கு அன்று பேர் இல்லை, வேலையும் இல்லை. வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். என் கேர்னலும் அப்படித்தான். கணினியைப் போட்டதும் ஒவ்வொரு டிரைவரையும் கூப்பிடும். பதில் வராவிட்டால் திருப்பி அனுப்பிவிடும்.

புது டிஸ்க் வேலையில் சூரன், ஆனால் எழும்பச் சுணங்கும். சுதாகரன் பணிவாகத்தான் கேட்டார்.

“பிரேமலதாக்கா, அது எந்திரிக்கிற வரைக்கும் கொஞ்சம் பொறுங்க. அப்புறம் பாருங்க, எப்புடி ஓடுதுன்னு.”

“பெரட்டுல யாருக்கும் பொறுக்கிறதில்ல தம்பி,” என்றேன்.

உங்களுக்கு ஓட்டிக்காட்டும் நாளன்று, காத்திருக்கும் நேரத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தேன். ஒழுங்கு என்றால் ஒழுங்குதானே. சொல்லாமல் அனுப்புவது மரியாதையில்லை என்று திரையில் ஒரு வரியும் வரச்செய்தேன்.

சுதாகரனின் டிரைவர் நேரத்துக்குப் பதில் சொல்லவில்லை. கேர்னல் அனுப்பிவிட்டது. அதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. அடுத்துப் பழைய டிஸ்க்கின் டிரைவரைக் கூப்பிட்டது. அது என் சொந்தப் படைப்பு. நான் வைத்த நேரத்துக்குள் அதனாலும் எழும்ப முடியவில்லை. அதையும் அனுப்பிவிட்டுக் கேர்னல் தனியாக உட்கார்ந்திருந்தது.

கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் பக்கம் திரும்பியிருந்த திரையில் பெரிய எழுத்தில் வந்தது: ‘பேர் இல்லை, வீட்டுக்குப் போ.’

கொழுந்துச் சாக்கோடு வரிசையில் முதலாவதாக நின்ற இருளாயி அதைப் படித்தார்.

“பெரட்டுல பேரு போட்டாங்க, இப்ப கம்பியூட்டரு இல்லங்குது. சரி, வாங்க போவோம்.”

சாக்குகளை அங்கேயே போட்டுவிட்டு எல்லோரும் போனார்கள். கணக்கப்பிள்ளையும் திரையை ஒருமுறை பார்த்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அன்றைய கொழுந்து முழுக்கக் கறுத்துப்போனது.

பழி சுதாகரன் தலையில் விழுந்தது. நாளை அவரை நிறுத்தப்போவதாகக் கேள்விப்பட்டேன். எனக்குத் தாங்கவில்லை. நேரத்தைக் குறைத்தது நான்தான், சேர். வேண்டுமென்றேதான் குறைத்தேன். அவரை நிரந்தரமாக்கிவிடுங்கள்.

ஆனால் காரணம் பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவருடைய டிரைவர் என்னுடையதைவிட வேகமானதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அளந்து பார்த்த ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் காட்டியது, அதனால் அளப்பதையே விட்டுவிட்டேன்.