எரித்தால் பச்சை, தண்ணீரில் வெள்ளை

மேடையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே! வேதியியல் ஆசிரியை ஞானசுந்தரி அம்மையாருக்கு இரங்கல் சொல்ல, தமிழாசிரியன் சண்முகவேல் என்னை இங்கே நிறுத்திவிட்டீர்கள். ஆசிரியர் அறையில் அவருக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. என்ன சொல்லி அழுவேன்!

பேரியம் நைட்ரேட் கரைசலில் சோடியம் சல்பேட் கரைசலை ஊற்றினால் விழும் வீழ்படிவு என்ன நிறம்? நம் பிள்ளைகள் 'பச்சை' என்று எழுதுவார்கள். வேறு எந்த ஊர்ப் பிள்ளை எழுதும் இந்தத் தப்பை? பட்டாசு செய்யும் ஊரில், பேரியம் என்றாலே பச்சை மத்தாப்பு என்று கேட்டு வளர்ந்த பிள்ளைதான் எழுதும்! அம்மையார் கோபப்பட மாட்டார். "ஏலே, எரிச்சாத்தாம்லே பச்சை. தண்ணியில வெள்ளையா அடியில போய் உக்காந்திரும். பேரியம் சல்பேட்டுன்னு எழுதி, பக்கத்துல கீழ பாக்க ஒரு அம்பு போடு" என்பார். சோடியம் நைட்ரேட்டுக்கு முன்னால் இரண்டு போட மறந்தால், சமன்பாட்டை முதலிலிருந்து எழுத வைப்பார்.

எதற்கு அந்தப் பிடிவாதம்? வேதியியலில் தோற்ற பிள்ளை நேரே பட்டாசு ஷெட்டுக்குத்தான் போகும் என்று அவருக்குத் தெரியும். நமக்குத் தெரியாதா?

சோணைமுத்து மகள் ஓவியா தோற்றாள். துணைத்தேர்வுக்குப் படிக்க வா என்று கூப்பிட, போன வாரம் அம்மையாரே அவள் வேலை பார்த்த பட்டாசு ஆலை வாசலுக்குப் போனார். ஓவியா வெளியே வந்து, "சீசன் டீச்சர், ஆர்டர் கெடக்கு, விட மாட்டாக" என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே உள்ளே மருந்து கலக்கும் அறை வெடித்தது. பறந்து வந்த கல் அம்மையாரைக் கொன்றது. அவர் கூப்பிட்டதால் வாசலுக்கு வந்த ஓவியா பிழைத்தாள்.

பிழைத்து? நாளைக் காலை தேர்வு. அவள் இங்கே இல்லை. வேறு ஏதோ பட்டாசுக் கம்பெனிக்கு, வெடிக்குள் மருந்து செலுத்தப் போய்விட்டாள்! சோணைமுத்து, உங்களைக் குறை சொல்லவில்லை ஐயா. "வீட்ல இருந்தா சோறு யாரு போடுவா சார்?" என்று கேட்டீர்கள்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்ல வேண்டிய இடம் இது. எந்த வாயால் சொல்வேன்? எனக்கு வேதியியல் தெரியாது. அவர் இடத்துக்கு ஆள் வருமா, தெரியாது. எத்தனை இரங்கல் கூட்டம், எத்தனை மாலை! எனக்கு நம்பிக்கை போய்விட்டது, பெரியோர்களே. ஆனாலும் கூட்டம் முடிந்ததும் ஓவியாவைக் கூட்டிவரப் போகிறேன். என்னோடு யார் வருகிறீர்கள்? கை தூக்குங்கள்.

ஒரு கைகூட இல்லையா?

சோணைமுத்து, தலையைக் குனியாதீங்க ஐயா. எந்தக் கம்பெனி என்று மட்டும் சொல்லுங்கள்.