அறுபது, நாற்பது, இருபது

— விதைக்காதடா தம்பி. டிராக்டர்காரர வண்டிய நிறுத்தச் சொல்லு.

— வண்டி நின்னுதான்க்கா இருக்கு. என்னாச்சு? காலைல போன் பண்ணி மழைக்கு அறுபது சதவீதம்னு நீதானே சொன்ன?

— காலைல அறுபது. மத்தியானம் நாப்பது. இப்ப இருபதுல வந்து நிக்குது. பத்து நிமிஷத்துல ரேடியோவுக்கு இதத்தான் எழுதி அனுப்பணும்.

— இருபதா? வானத்தப் பாத்துட்டா பேசற?

— எனக்கு ஏதுடா வானம்? இந்த ஆபீஸ் ஜன்னலத் திறந்தா பக்கத்துக் கட்டடத்து ஏசி மூஞ்சில ஊதுது. எனக்கு நம்பர்தான் வானம்.

— இங்க வந்து பாரு. மேற்கால கருகருன்னு அப்பிக்கிட்டு நிக்குது.

— கருத்துட்டாப் போதுமா? போன தடவையும் இப்படித்தான் குதிச்ச. முளைச்ச சோளம் அத்தனையும் கருகிப்போச்சு. வீட்டுல இருக்கிற கடைசி விதைடா இது. மூணு நாள்ல மழை வரலைன்னா இதுவும் மண்ணாப் போயிடும்.

— விதைக்காம விட்டு மழை கொட்டினா? சேத்துல வண்டி இறங்காது. நாளைக்கு இவரு வேற ஊருக்குப் போறாரு. வருஷம் பூரா நிலம் சும்மா கிடக்கும். ஐயோ, புடிங்கண்ணே, புடிங்க.

— என்னடா அங்க?

— டிராக்டர்காரர் தொப்பி. காத்து அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு.

— புளுகாத. உன் வயல்ல ரெண்டு நாளா காத்தே இல்ல.

— எவன் சொன்னான்?

— நான் உன் வரப்போரமா நட்டுவெச்ச மெஷின் சொல்லுது. காத்து பூஜ்யம், ஈரம் முப்பது. அந்தப் பக்கத்துக்கே அது ஒண்ணுதான். அத நம்பித்தான் நம்பரக் குறைச்சுக்கிட்டே வர்றேன்.

— அப்ப அவரு தொப்பிய உன் மெஷினா தூக்கிட்டுப் போச்சு?

— இரு, இரு. அது எங்க நிக்குது இப்ப?

— பத்திரமா இருக்குக்கா.

— எங்கன்னு கேட்டேன்.

— மோட்டார் ரூம்ல. முந்தாநாள் உழவு ஓட்டினோமா, ஒரே தூசி. அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா உன் வேலைக்கே வேட்டுன்னு நீதானே சொன்ன? கழட்டிக் கொண்டுபோய் உள்ள வெச்சு, சாக்கப் போத்தி, கதவச் சாத்தி...

— சாக்கு வேற போத்தினியா?

— கண்ணாட்டம் பாத்துக்கறேன்க்கா.

— உன்னத் தம்பியாப் பெத்தாங்களே, அவங்களச் சொல்லணும். டேய், ரெண்டு நாளா உன் மோட்டார் ரூமுக்குள்ள மழை வருமான்னு கணக்குப் போட்டுக்கிட்டிருக்கேன்டா நான்.

— அப்ப அந்த இருபது?

— மோட்டார் ரூமுக்கு இருபதே ஜாஸ்தி. ஓடு. எடுத்துட்டு வந்து கம்பத்துல மாட்டு. ஏழு நிமிஷம்தான் இருக்கு.

— ஓடிக்கிட்டேதான் பேசறேன். அண்ணே, அந்தக் கம்பத்த ஆடாமப் புடிங்க. உன்ன இல்லக்கா, டிராக்டர்காரர. ஆச்சு, மாட்டியாச்சு. என்ன சொல்லுது?

— பொறுடா. ஈரம் முப்பத்தஞ்சு. அம்பது. ஏறுதுடா. எழுபத்தெட்டு. காத்தும் காட்டுது.

— மழை வருமா வராதா, அதச் சொல்லுக்கா மொதல்ல.

— வரும்டா. மழைக்கு எழுபத்தஞ்சுன்னு எழுதறேன். மத்தியானத்துலேருந்து எத்தன பேரு என் பேச்சக் கேட்டு விதைய மூட்டையிலயே கட்டி வெச்சிருக்காங்களோ. நீ ஏன் இன்னும் நிக்கற? வண்டிய எடுக்கச் சொல்லு, விதைடா.

— அது வந்துக்கா... திட்டக் கூடாது.

— என்ன?

— காலைல நீ அறுபதுன்னதுமே விதைச்சு முடிச்சாச்சு. ஒரு மணி விதைகூட மிச்சம் இல்ல.

— அடப்பாவி. இவ்வளவு நேரம் வாயத் திறந்தியா நீ?

— பயமா இருந்துச்சு. அத விடுக்கா, உன் மெஷின் நனையுது. மறுபடி உள்ள கொண்டுபோய் வெச்சிடவா?