ரெண்டேகால் அடி

— மணி நாலு இருவது. அஞ்சுக்குள்ள கப்பல் ஏஜெண்டுக்கு பதில் சொல்லணும்யா. நீ இன்னா, ஆணி எண்ணிகினு கீற?

— ஆணி இல்லமே, ஸ்க்ரூ. இன்னும் நாலே நாலு. அப்பால நீ உள்ள வர்லாம்.

— மூணு வாரமா இதான் சொல்ற. என் வேன்ல என்னியே ஏத்தமாட்டேன்ற. பதினஞ்சு வருசம் ஓட்டுனவ நானு.

— ஓட்டுனவ முன்னால குந்திகினு இருந்த. பின்னால இன்னா நடந்துச்சின்னு உனக்கு எப்டி தெரியும்? சீட்ட கழட்டுனா அடில எட்டு பென்சிலு, ஒரு ஷூ, கல்லு மாரி ஒரு பன்னு.

— ஷூ எந்தக் காலு?

— எடது.

— பகலவனுது. ரெண்டாங்கிளாசு அப்ப. தேரடி வரைக்கும் அழுதுகினே வந்தான். தூக்கிப் போட்டுட்டியா?

— டப்பால கீது.

— போடாத. குடுக்கணும்.

— யாருக்கு? அவனுக்கு இப்ப மீசை மொளச்சிருக்கும்.

— குடுக்கணும்னா குடுக்கணும்யா. ஸ்கூல்ல சொந்தமா பஸ்ஸு வாங்கிட்டு என்ன நிறுத்துனாங்களே, போன வருசம், அன்னிக்கி அவன்தான் என் பைய வூடு வரைக்கும் தூக்கிகினு வந்தான்.

— சரி, முடிஞ்சிது. வா. பாத்து ஏறு. ஸ்டார்போர்டு பக்கம் புடிச்சிக்கோ.

— சோத்தாங்கைப் பக்கம்னு சொல்லு. இது வேனு. நீ எறங்கி வந்த கப்பல் இல்ல.

— இன்னாமே, எப்டி கீது?

— இருய்யா. பாக்க உடு.

— அடுப்பு இங்க. சின்ன சிலிண்டரு, சங்கிலி போட்டு கட்டிகீறேன். தண்ணி கேனு இருவது லிட்டரு, தோ கொழாய். ஃபேனு பேட்டரில ஓடும். மேல பாரு. மெக்கானிக் பக்ருதீன் கூரைய வெட்டி ஜன்னல் வச்சிக் குடுத்தான்.

— கூரைய வெட்டிட்டியா?

— ஒன்றர அடிதான். மூடி கீது. மழை பேஞ்சாலும் ஒரு சொட்டு எறங்காது. ஏன், மூஞ்சி ஒரு மாரி ஆவுது?

— ஒண்ணுமில்ல. கேட்டேன். இந்தத் தட்டு, சாமான் பொட்டி, கட்டிலுக்கெல்லாம் எதுக்கு ஓரத்துல கட்டை அடிச்சி வச்சிகீற? டம்ளரு எடுக்கவே கை தட்டுது.

— கப்பல்ல எல்லாத் தட்டுக்கும் ஓரம் இருக்கும். இல்லேன்னா ஒரு ஆட்டு ஆட்டுனா எல்லாம் தரைக்கு வந்துடும்.

— நாளைக்கு போற ஏலகிரி மலைல அலை அடிக்குதா?

— பதினாலு வளைவு கீது. நீ ஓட்ற ஓட்டுக்கு அப்ப தெரியும்.

— தோ பாரு, பதினஞ்சு வருசத்துல ஒரு புள்ள தலை கம்பில இடிச்சதில்ல.

— தேரடிலேர்ந்து டோல்கேட்டு. நடந்து போறவன் உன்ன முந்திகினு போவான். எங்க இடிக்கறது?

— சொல்லுவ. நீ சாந்தோஸ் பாத்த, ராட்டர்டாம் பாத்த. நான் தேரடிலேர்ந்து டோல்கேட்டு, டோல்கேட்லேர்ந்து தேரடி. அதான் மலை பாக்கணும்னேன்.

— நாளைக்கு மத்தியானம் மலை மேல டீ. காலைல நாலுக்கே கெளம்பிடணும். கன்டெய்னர் லாரிங்க வந்து அடச்சிட்டா மாதவரம் தாண்டவே பத்து மணி ஆவும்.

— டீ எத்தினி டம்ளரு?

— இன்னாமே கேள்வி இது?

— மணி நாலர. ஏஜெண்டு இன்னா சொன்னான்? வியாழக்கெழம சிங்கப்பூர்ல ஏறணும், ஆறு மாசம். நீ ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. மூணு நாளா பலகைய இழைச்சிகினு கீற.

— பெயிண்டப் பத்தி பேசுவோம்.

— யோவ்.

— மெய்யாலுமே கேக்கறேன். இப்டி மஞ்சளா போனா வழி பூரா புள்ளைங்க கைய காட்டி நிறுத்தும். பச்சை அடிச்சிட்லாம்னு எத்தினி தபா சொன்னேன்?

— அப்பால பாத்துக்கலாம்.

— சீட்ட எடைக்குப் போட்லாம்னேன். வேணாம், பக்ருதீன் ஷெட்ல கெடக்கட்டும்னுட்ட. சீட்டு போல்ட்டு போன எடத்துல தரைல பதினாறு ஓட்டை. பசை வச்சி அடச்சிட்லாம்னேன். அதுவும் வேணாம்ன. எலி ஏறும்மே.

— எலிக்கு நான் டிக்கெட் போட்டுக்கறேன். பேச்ச மாத்தாத.

— சரி, மொதல்ல படுத்துப் பாரு. மெத்தை புதுசு.

— படுத்தேன். நல்லாத்தான் கீது. நீயும் வா.

— இரு ஐரீன்.

— வாய்யா. தள்ளிப் படுக்கறேன்.

— தள்ளாத, தள்ளாத...

— ஐயோ! விழுந்துட்டேன் பாரு. இன்னா அகலம்யா இது?

— ரெண்டேகால் அடி.

— ரெண்டேகால் அடில ரெண்டு பேரா?

— கைய குடு. எழுந்திரு.

— உடு கைய. முடிவு பண்ணிட்ட. நான் ஒண்டியா போவறதுக்கு கட்டில் போட்டுட்ட. வாயால சொல்ல முடியாம பலகையால சொல்லிட்ட.

— மாதா மேல சத்தியமா இல்லமே.

— அப்ப இது இன்னா?

— டேப்பே எடுக்கல. கையாலயே அளந்து அறுத்தேன். முப்பது வருசமா நான் படுத்த கட்டில் எல்லாம் ரெண்டேகால்தான். கிரீஸ்காரன் கப்பலோ ஜப்பான்காரன் கப்பலோ, என்ன மாரி போசனுக்கு, டெக்கு மேஸ்திரிக்கு, அதான். கட்டில்னா என் கைக்கு அந்த அளவுதான் தெரியும்.

— ஸ்க்ரூ போடறப்பவாச்சும் தோணலியா?

— இப்பதான் தோணுச்சி. நீ விழறப்ப.

— சிரிக்காத. எனக்கும் வருது.

— அடி பட்டுச்சா?

— லீவுல வந்தாலும் ஹால்ல பாயப் போட்டு படுக்கற ஆளு. வூட்டுக் கட்டில் இன்னா அகலம்னு உனக்கு எங்க தெரியப்போவுது!

— காத்து ஹால்லதானே வருது.

— காத்தாம்.

— நகரு. அந்தாண்ட பொட்டி ஒன்றர அடி. இந்தாண்ட கட்டிலு ரெண்டேகால். நடுவுல நடக்கற எடம் ஒண்ணேகால். மொத்தம் அஞ்சு.

— அஞ்சடி போதுமா?

— ரெண்டு பேருக்கு தாராளம். கட்டிலுக்கும் பொட்டிக்கும் ஓரத்துல கட்டை அடிச்சிகீறேன்ல, அத்த கழட்டி ரெண்டு இஞ்சு கீழ எறக்கிட்டா, அது மேல நடுவுல பலகை குந்திக்கும். பகல்ல எடுத்துட்டா வழி. ராத்திரி போட்டா கட்டிலு.

— நான் கிண்டல் பண்ண கட்டையா?

— அதே கட்டைதான். ஆனா பலகை இல்ல. எல்லாத்தையும் அறுத்துட்டேன்.

— என்னாண்ட ஒண்ணு கீது. பீரோ பின்னால வச்சிகீறேன். புள்ளைங்க பை வைக்கறதுக்கு வேன்ல போட்டிருந்தது.

— அத்தயும் எடுத்து வச்சிகீறியா நீ? கொண்டா.

— அறுக்கமாட்டேன்னு சொல்லு, தரேன்.

— அளவு பாக்காம எப்டிமே சொல்றது?

— அறுக்கமாட்டேன்னு சொல்லு.

— சரி, அறுக்கல.

— தோ. புடி.

— ஆணிய வச்சி பேரு செதுக்கி வச்சிகீதுங்க. ஷாலு. எழில்மொழி. இது யாரு, இந்தக் கோணக் கையெழுத்து?

— பகலவன்.

— ஷூ போட்டவனா! பேரு மேல இருக்கட்டுமா, கீழ போட்டுமா?

— மேலதான்.

— கட்டையும் எறக்கியாச்சி. கன கச்சிதம். அறுக்கவே வேணாம். அந்த மெத்தைய தலைப் பக்கமா குறுக்கால போடு, ஓரத்த மடிச்சிக்கலாம். காலுக்கு வெறும் பலகைதான், அது பரவால்ல. இப்ப படு.

— நீ மொதல்ல.

— ரெண்டு பேரும் படுப்போம். விழுந்தா ஒண்ணா விழுவோம்.

— ம். எடம் கீது.

— மேல பாரு.

— அது மேகமா, பொகையா?

— எண்ணூர்க்காரன் பொகை. அதுக்கு அந்தாண்ட வெள்ளையா நிக்குது பாரு, அது மேகம். நாளைக்கு இந்த ஜன்னல்ல வெறும் நட்சத்திரமா இருக்கும்.

— மணி அஞ்சாவ ரெண்டு நிமிசம் கீதுய்யா.

— இருக்கட்டும்.

— எழுந்து போன் பண்ணு. எது சொன்னாலும் நான் சண்ட போடமாட்டேன்.

— காலைலியே சொல்லிட்டேன்மே.

— இன்னான்னு?

— வேற ஆள பாத்துக்கோன்னு. எனக்கு வேற வண்டி கெடச்சிடுச்சி, மஞ்ச வண்டின்னு. சம்பளம் இன்னான்னு கேட்டான். நாஸ்டா, டீ, நாலு திட்டுன்னேன்.

— காலைலேர்ந்து மணிய பாத்து பாத்து செத்துகினு கீறேன். வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா இன்னாவாம்?

— வேலைய முடிச்சிட்டு, இப்டி படுத்துகினு சொல்லணும்னு இருந்தேன்.

— படுபாவி.

— அழுவுறியா?

— மரத்தூளு. கண்ணுல பட்டுடுச்சி.

— தூளு எல்லாத்தையும் மத்தியானமே பெருக்கிட்டேனே. ஏ, போன் அடிக்குது.

— உட்டுடு. ஏஜெண்டாதான் இருக்கும். கெஞ்சுவான்.

— கெஞ்சற ஆளில்ல அவன். எது அடிக்குது, என்னுதா, உன்னுதா? நம்ம பொண்ணு சாரா ரெண்டுக்கும் ஒரே பாட்ட வச்சிட்டுப் போய்ட்டா.

— உடேன்யா. படு.

— தோ, கைக்கு எட்டற தூரம்தான். ம்... உன்னுது. ஸ்கூல் மேடம்னு வருது.

— குடு இங்க.

— நின்னுடுச்சி. இரு, மெசேஜ் வந்துகீது.

— கண்ணாடி இல்லாம உனக்கு எங்க தெரியப்போவுது? குடுய்யா.

— எழுத்து பெருசாத்தான் கீது. ஐரீன் அக்கா, பஸ் இன்னிக்கும் வழில நின்னுடுச்சி. பெத்தவங்க எல்லாம் உங்களத்தான் கேக்கறாங்க. திங்கக்கெழமைலேர்ந்து வேன் வருமா? இன்னிக்குள்ள சொல்றேன்னு சொன்னீங்களே.

— நான் இன்னும் ஆமான்னு சொல்லலய்யா.

— இல்லன்னும் சொல்லல.

— புள்ளைங்க ரோட்ல நிக்குதுங்க...

— அதுக்குத்தான் அந்தப் பதினாறு ஓட்டைய அடைக்க வேணாம்னியா, ஐரீன்?